விசிறி வளைந்த படகு

"ரசங்கம், உனக்குத் தபாலு" என்றான் வார்டர்.
ராசாங்கம் என்று என் அப்பன் வைத்த பெயர்
கடல் தாண்டி வந்த களைப்பில்
இரண்டு துணைக்காலையும் இழந்திருந்தது.
எனக்கும் அப்போது
இடது காலை ஊன்ற முடியாது.

துறைமுகத்தில் கூலி உயர்த்தக் கேட்டோம்.
அரசுக்கு விரோதம் என்று எழுதிக்கொண்டார்கள்,
பெயர் ராசாங்கம் என்று தெரிந்தும்.
கேப்பர் மலைச் சிறைக்குள்
செம்புழுதியோடு முந்திரிப்பூ வாசம் வருகிற மாதம்.

அட்டையில் உறைந்த கடல்.
நடுவே சிவப்பாய் ஒரு படகு,
பனி தூக்கி நிறுத்தியது போல.
"உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம்.
இங்கே ஏப்ரல் வரை படகு நகராது.
ஹில்துர், பல் வைத்தியர்."
இவ்வளவுதான்.
வார்டர் இரண்டு முறை திருப்பிப் பார்த்தான்.

நான் பார்த்தது விசிறியை.
மூன்று இலையில் ஒன்று வளைந்திருந்தது.
தட்டி நிமிர்த்தாமல் தண்ணீரில் இறக்கினால்
தண்டு போய்விடும்.
இதை எந்த ஊருக்கு, யாரிடம் சொல்லி அனுப்ப?
அன்றிரவு கால் குடைந்தபோதெல்லாம்
அந்த இலையைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் ஒன்பது. பங்குனிக்குள் நாற்பத்தொன்று.
சூப்பிரண்டு கூப்பிட்டு மேசைமேல் பரப்பினார்.
"யாரு இவங்கல்லாம்?"
"தெரியாதுங்க."
"தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா எழுதுறான்?"
மிரட்டிக் கேட்கவில்லை.
நிஜமாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.
எனக்கும்.

அதற்குப் பிறகு லத்தி மூலையிலேயே நின்றது.
எடுத்துப்போகவில்லை, நின்றது.
கஞ்சியில் உப்பு இருந்தது.
டாக்டர் வந்து காலைப் பார்த்து
வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கொட்டடி பாவாடைக்கு
ஒரு வரி வரவில்லை.
என்னோடு கூலி கேட்டவன்,
என்னைவிடச் சத்தமாகக் கேட்டவன்.
அவன் பெயர் எந்தப் பட்டியலுக்கும் போய்ச் சேரவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
லத்தி மூலையில் நிற்கவில்லை.
ஒருநாள் படகு அட்டையை அவனிடம் நீட்டினேன்.
திருப்பி, என் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தான்.

இப்போது இரண்டாம் சனிதோறும்
முதுநகரில், ஐஸ் கம்பெனி மாடியில்
ஐந்து பேர் கூடுகிறோம்.
நர்ஸ் ஜெசிந்தா விதிகளைச் சொல்வாள்:
வழக்கைப் பற்றி எழுதாதே, யாரையும் திட்டாதே.
இந்த முறை ஹப்தோம். பஸ் டிரைவர்.
ஆறு வருடம், விசாரணை இல்லை.
அவன் பாஷை தெரியாது, அவன் ஊர் வெயில் தெரியாது.
என்ன எழுத?

உப்பனாறு முகத்துவாரம் தூர்ந்துவிட்டது,
படகு தரை தட்டுகிறது என்று எழுதினேன்.
மத்தி கூடை எழுநூறுக்கு விழுந்துவிட்டது என்று.
முதலில் படிக்கப்போவது காவலன்.
பரவாயில்லை, அவனுக்கும் சேர்த்துத்தான்.
மத்தி விலை சொல்கிற ஒருவன்
தன் கையையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று
அவனுக்குத் தெரியட்டும்.

என் வீடு கரையேறவிட்டகுப்பத்துக்குப் பக்கம்.
கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர்
அங்கேதான் ஒதுங்கினார் என்பார்கள்.
கல் மிதந்ததை நான் நம்பினதில்லை.
ஆனால் ஊர்ப்பெயரை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.
கரையேறிய குப்பம் இல்லை.
கரையேற விட்ட குப்பம்.
யாரோ விட்டிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடச் சொன்னாள் ஜெசிந்தா.
ராசாங்கம், இஞ்சின் மெக்கானிக் என்று போட்டு
பக்கத்தில் பாவாடை என்றும் எழுதினேன்.
"இது யாரு?"
வேலூருக்கு மாற்றினார்கள்,
அதற்குப் பிறகு தெரியாது என்றேன்.
இரண்டு துணைக்காலையும்
அழுத்திப் போட்டிருந்தேன்.